மோதும் அயனியின் ஓரியல்பு: அணு, மூலக்கூறு மோதல்களில் குவாண்டம் குறுக்கீட்டு விளைவுகள்

ஆய்வுச்சுருக்கம்

விரைந்து செல்லும் அயனி ஓர் அணுவையோ மூலக்கூற்றையோ மோதும்போது நிகழும் சிதறலைக் கணக்கிடும் கோட்பாடுகள், அவ்வயனியை எல்லையின்றி அகன்ற ஓர் அலையாகக் கொண்டே தொடங்குகின்றன. ஆய்வகத்தில் உருவாகும் அயனிக்கற்றைக்கு அத்தகைய அகலம் இல்லை. இவ்வேறுபாடு அளவீடுகளைப் பாதிக்கிறதா என்ற வினா 2011 முதல் அணு இயற்பியலில் முனைப்பான விவாதமாக இருந்து வருகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு இரட்டைப் பிளவாகச் செயல்படும் ஆய்வுகளையும், ஹீலிய அணுவின் அயனியாக்கத்தில் எழுந்த முரண்பாட்டையும் முன்வைத்து அவ்விவாதத்தின் இரு தரப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறைக்குரிய தமிழ்ச் சொல்லாட்சியின் சிக்கல் ஒன்றும் உடன் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓரியல்பு, குறுக்கீட்டு விளைவு, அயனி மோதல், இரட்டைப் பிளவு, ஓரியல் அகலம், அறிவியல் தமிழ்.

முன்னுரை

ஒளி அலையாகப் பரவுகிறது என்பதற்குத் தாமசு யங் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய சான்று குறுக்கீட்டு விளைவு. இரு பிளவுகளின் வழியே வந்த ஒளி திரையில் ஒளிவரியும் இருள்வரியும் மாறி மாறி விழச் செய்தது. ஒளியோடு ஒளி சேர்ந்தால் சில இடங்களில் இருள் விளையும் என்பது துகள் கொள்கையால் விளக்க இயலாத செய்தி. 1924இல் லூயி டி பிராய் பருப்பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்றார். 1927இல் டேவிசன், ஜெர்மர் இருவரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்களைச் சிதறச் செய்து அதனை மெய்ப்பித்தனர். துகளின் உந்தம் மிகுந்தால் அதன் அலைநீளம் குறையும்.

எலக்ட்ரானுக்கு எளிதாகக் கைகூடிய இச்சான்று அயனிக்கு எளிதன்று. காரணம் நிறையே. 75 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஒரு புரோட்டான் நொடிக்கு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.1 பிக்கோமீட்டர். ஹைட்ரஜன் மூலக்கூற்றின் இரு அணுக்கருக்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 74 பிக்கோமீட்டர். அதாவது புரோட்டானின் அலைநீளத்தைப்போல் எழுநூறு மடங்கு. அதே வேகத்தில் செல்லும் எலக்ட்ரானின் அலைநீளமோ ஏறத்தாழ 190 பிக்கோமீட்டர், மூலக்கூற்றைவிடப் பெரியது. ஆகவே அயனி மோதலைக் கருதும்போது இயற்பியலாளர் மனத்தில் நெடுங்காலம் நின்ற உருவம் எறியப்பட்ட ஒரு குண்டின் உருவமே. கணக்கில் மட்டும் அது அலையாக எழுதப்பட்டது. அதுவும் பக்கவாட்டில் முடிவின்றி விரிந்த சமதள அலையாக. சிதறல் கோட்பாட்டின் ஒவ்வொரு பாடநூலும் இந்த இடத்திலிருந்தே புறப்படுகிறது. அலை அத்தனை அகலமானதுதானா என்று கேட்க வேண்டிய தேவை ஒருவருக்கும் எழவில்லை.

சொல்லாட்சி

பொருளுக்குள் செல்லுமுன் சொற்களைத் தெளிவுபடுத்துவது நலம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இரு அலைகள் மேற்பொருந்தி வலுப்பெறுவதையும் நலிவதையும் ‘குறுக்கீட்டு விளைவு’ என்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள் ‘தலையீடு’ என்கின்றன. இரண்டு சொற்களுமே பிறர் செயலில் புகுந்து தடுப்பதை நினைவூட்டுபவை. ஆனால் அலைகளின் சேர்க்கையில் தடுப்பு என ஒன்றும் இல்லை. ஓர் அலை மற்றதைக் கடந்து தன் வழியே செல்கிறது. சேரும் இடத்தில் வீச்சுகள் கூடுகின்றன, அவ்வளவே. ‘ஆக்கக் குறுக்கீடு’ என்னும் தொடர் முதலில் கேட்போர்க்கு முரணாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். எனினும் வேரூன்றிவிட்ட சொல்லை மாற்றுவதால் குழப்பமே மிகும் என்பதால் இக்கட்டுரை ‘குறுக்கீடு’ என்பதையே கையாள்கிறது.

சிக்கல் பெரிதாக இருப்பது மற்றொரு சொல்லில். மாறாத கட்ட வேறுபாட்டைப் பேணும் இரு மூலங்களைப் பாடநூல்கள் ‘ஓரியல் மூலங்கள்’ என்கின்றன. அங்கு ஓரியல்பு என்பது உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலைப் பண்பு. இங்கு ஆராயப்படும் ஓரியல்போ அளந்தறியத்தக்க ஓர் அளவு. ஓர் அலையின் இரு புள்ளிகள் எவ்வளவு தொலைவு விலகியிருந்தும் தம் கட்ட உறவை இழக்காமல் இருக்கின்றனவோ அத்தொலைவே அதன் ஓரியல் அகலம். அது கூடலாம், குறையலாம், மூலக்கூற்றைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ அமையலாம். ‘ஓரியல்’ என்பதைப் பண்புப்பெயராக மட்டும் கொள்ளாமல் ‘ஓரியல் அகலம்’ என அளவுப்பெயராக்கிக்கொண்டால் இவ்விவாதத்தின் பெரும்பகுதியைத் தமிழில் தடையின்றிச் சொல்ல முடிகிறது.

மூலக்கூறே இரட்டைப் பிளவாக

ஹைட்ரஜன் மூலக்கூறு இயற்கை தந்த இரட்டைப் பிளவு. இரு கருக்கள் ஒன்றுபோல் இருப்பதால் நிகழ்வு எந்தக் கருவின் அருகில் நடந்தது என்று பிரித்தறிய வழியில்லை. பிரித்தறிய இயலாத இரு வழிகள் உள்ள இடத்தில் நிகழ்தகவுகளைக் கூட்டக்கூடாது, வீச்சுகளைக் கூட்டியே வர்க்கம் எடுக்க வேண்டும் என்பது குவாண்டம் விதி. இந்த அடிப்படையில் 1960இல் துவான், ஜெர்ஜுவாய் இருவரும் புரோட்டான் ஹைட்ரஜன் மூலக்கூற்றிலிருந்து எலக்ட்ரானைக் கவரும்போது இரு மையங்களின் வீச்சுகளும் குறுக்கிட வேண்டும் என்று காட்டினர். 1966இல் கோகனும் ஃபானோவும் ஒளியால் அயனியாகும் மூலக்கூறுகளுக்கு ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தனர். வெளியேறும் எலக்ட்ரானின் அலை எண்ணை அணுக்கருக்களின் இடைத்தொலைவால் பெருக்கி ஒரு கோணமாகக் கொள்க. அக்கோணத்தின் சைன் மதிப்பை அக்கோணத்தாலேயே வகுத்து ஒன்றுடன் கூட்டினால் வருவது குறுக்கீட்டுக் காரணி. மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சீராகத் திரும்பியிருக்கும் வாயுவுக்கு உரிய சராசரி இது.

இவ்வாய்பாட்டில் எண்களை இட்டுப் பார்த்தால் சோதனையின் கடினம் விளங்கும். எலக்ட்ரானின் அலைநீளம் மூலக்கூற்றின் 74 பிக்கோமீட்டருக்குச் சமமாவது அதன் ஆற்றல் ஏறத்தாழ 275 எலக்ட்ரான் வோல்ட் ஆகும்போது. அதற்குள் காரணி ஒரே ஒரு முறை தாழ்கிறது. ஏறத்தாழ 140 எலக்ட்ரான் வோல்ட்டில், ஒன்றிலிருந்து 22 விழுக்காடு குறைவாக. அதே ஆற்றல் எல்லைக்குள் எலக்ட்ரான் வெளிப்படும் வீதமே பல மடங்கு வீழ்ந்துவிடுகிறது. செங்குத்தாக இறங்கும் மலைச்சரிவில் ஒரு சிறு மேட்டைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை. சரிவை நீக்கினால்தான் மேடு தெரியும். சரிவை நீக்குவதென்றால் மூலக்கூற்றின் நிறமாலையைத் தனித்த ஹைட்ரஜன் அணுவின் நிறமாலையால் வகுப்பது.

2001இல் ஸ்டோல்டர்ஃபோட்டும் உடனாய்வாளரும் பிரான்சின் கான் நகரிலுள்ள கனில் முடுக்கியில், 34 எலக்ட்ரான்களை இழந்த கிரிப்டான் அயனிகளை ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் மோதவிட்டு இவ்வலைவை முதன்முதலில் கண்டனர். ஒரு நியூக்ளியானுக்கு 60 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய அயனிகள் அவை. அவர்கள் வகுத்த அணு நிறமாலை கணக்கிட்டுப் பெற்றது. கோட்பாட்டில் சிறு பிழை இருந்தாலும் அதுவே அலைவுபோல் தோன்றக்கூடும் என்ற ஐயத்துக்கு அங்கு இடமிருந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகேஷ் திரிபேதி குழுவினர் அயல்நாட்டு உடனாய்வாளருடன் 2004இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் சிறப்புப் பெறுகிறது. அவர்கள் அணு ஹைட்ரஜனின் நிறமாலையையும் அளந்தே வகுத்தனர். ஹைட்ரஜனை அணுக்களாகப் பிரித்து, மீண்டும் இணையுமுன் இலக்காகப் பயன்படுத்துவது எளிய வேலையன்று. அளந்ததை அளந்ததால் வகுத்தபோதும் அலைவு நின்றது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். கிரிப்டான் அயனியின் அலைநீளம் புரோட்டானுடையதைவிட மிக மிகச் சிறியது. அப்படியிருந்தும் குறுக்கீடு தெரிந்தது எவ்வாறு? குறுக்கிட்டது அயனியின் அலையன்று, வெளியேறிய எலக்ட்ரானின் அலை என்பதே விடை. மோதலுக்கு முன்பே அந்த எலக்ட்ரான் இரு கருக்களையும் சூழ்ந்து பரவியிருந்தது. அதன் ஓரியல்பை அளித்தது வேதிப்பிணைப்பே. எனவே ‘மோதலில் குறுக்கீடு’ என்று பொதுப்படச் சொல்வது போதாது. எந்தத் துகளின் அலை, எதன் இரு வழிகள் என்று ஒவ்வொரு சோதனையிலும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆய்வுரைகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே தலைப்பின்கீழ்க் கலந்து கிடப்பது கற்போரைத் தடுமாறச் செய்கிறது.

அயனியின் அலையே குறுக்கிட்ட சான்று 2008இல் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் எச். டி. ஷ்மிட் முதலியோர் 1.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் செலுத்தினர். எலக்ட்ரானைக் கவர்ந்து ஹைட்ரஜன் அணுவாக மாறி வெளியேறும் எறிபொருளின் அலை இரு கருக்களிலிருந்தும் புறப்பட்டுத் தன்னோடு தானே குறுக்கிட்டது. அவ்வணுவின் அலைநீளம் 25 ஃபெம்டோமீட்டர். இதனை 74 பிக்கோமீட்டரால் வகுத்தால் வரிகளின் கோண இடைவெளி ஒரு மில்லி ரேடியனில் மூன்றில் ஒரு பங்கு என ஆகிறது. எண்ணிப் பார்த்தால் வியப்பூட்டும் நுட்பம்.

ஓரியல் அகலமும் பிளவின் தொலைவும்

அயனிமூலத்திலிருந்து புறப்படும் துகள்கள் ஒன்றோடொன்று கட்ட உறவு இல்லாதவை. அவை ஒரு பிளவின் வழியே நெறிப்படுத்தப்பட்டு இலக்கை அடைகின்றன. தொலைவிலுள்ள விண்மீனின் ஒளி, மூலத்தில் ஓரியல்பற்றதாயினும், புவியை அடையும்போது பக்கவாட்டில் ஓரியல்பு பெற்றுவிடுகிறது. மூலம் எவ்வளவு சிறிதாகத் தோன்றுகிறதோ அவ்வளவு ஓரியல்பு மிகும் என்பது ஒளியியல் அறிந்த உண்மை. அயனிக்கற்றைக்கும் அதுவே விதி. இலக்கிலிருந்து பார்க்கும்போது பிளவு சிறிதாகத் தோன்றினால் ஓரியல் அகலம் மிகும். பெரிதாகத் தோன்றினால் குறையும். பிளவுக்கும் இலக்குக்கும் இடையிலுள்ள தொலைவைப் பிளவின் அகலத்தைப்போல் இரு மடங்கால் வகுத்து அலைநீளத்தால் பெருக்கினால் ஓரியல் அகலத்தின் மதிப்பீடு கிடைக்கும்.

மிசூரி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷுல்ட்ஸ் குழுவினர் 2011இல் செய்த சோதனை இவ்விதியை நேரே பயன்படுத்தியது. எறிபொருள் 75 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான். இலக்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. பிளவின் அகலம் 150 மைக்ரோமீட்டர். ஒருமுறை பிளவை இலக்கிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவிலும் மறுமுறை 6.5 சென்டிமீட்டர் தொலைவிலும் வைத்தனர். மேற்கூறிய வாய்பாட்டில் இவற்றை இட்டால் முதல் அமைப்பில் ஓரியல் அகலம் ஏறத்தாழ 170 பிக்கோமீட்டர். இரண்டாவதில் 23 பிக்கோமீட்டர். முன்னது மூலக்கூற்றின் இரு கருக்களையும் தழுவி நிற்கிறது. பின்னது ஒரு கருவை எட்டினால் மற்றதை எட்டாது. மாற்றியது பிளவின் இடம் மட்டுமே; அயனி அதுவே, ஆற்றல் அதுவே, இலக்கும் அதுவே.

அளந்த சிதறல் வீதங்கள் இரு அமைப்புகளிலும் வேறுபட்டன. இரண்டின் விகிதம் சிதறல் கோணத்தோடு ஏறி இறங்கியது. இவ்வேற்றத்தாழ்வு இரு மையக் குறுக்கீட்டால் விளைவது என்றும், கற்றையின் ஓரியல்பைக் கட்டுப்படுத்துவதால் மோதலின் விளைவையே கட்டுப்படுத்த இயலும் என்றும் அக்குழு அறிவித்தது. இதன் உட்கிடை பெரிது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அளக்கப்பட்டு அட்டவணைப்படுத்தப்பட்ட அயனிச் சிதறல் மதிப்புகளில் எவை ஓரியல் கற்றையால் பெறப்பட்டவை, எவை அவ்வாறு பெறப்படாதவை? அவற்றைச் சமதள அலைக் கோட்பாட்டோடு ஒப்பிட்டது தகுமா? இவ்வினாக்கள் ஒருங்கே எழுந்தன.

கார்பன் அயனியின் புதிர்

இவ்வினாக்களுக்குக் கூர்மை தந்தது ஒரு பழைய புதிர். 2003இல் ஷுல்ட்ஸ், மோஸ்ஹாம்மர், உல்ரிச் முதலியோர் எலக்ட்ரான்கள் அனைத்தையும் இழந்த கார்பன் அயனியை ஹீலியத்தில் மோதவிட்டு, வெளியேறும் எலக்ட்ரானின் முப்பரிமாணப் படத்தை வெளியிட்டனர். அயனியின் ஆற்றல் ஒரு நியூக்ளியானுக்கு 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்; வேகம் ஒளிவேகத்தின் 43 விழுக்காடு. அணு அலகுகளில் மின்சுமையை வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.1 வருகிறது. அதாவது அயனி அணுவை மிக மெல்லத் தொட்டுச் செல்கிறது. இத்தகைய மென்மோதலுக்குப் போர்னின் முதற்படித் தோராயமே போதும் என்பது எல்லோரும் ஏற்றிருந்த கருத்து.

அத்தோராயம் காட்டிய உருவம் இரு மடல்களும் இடையில் ஒடுங்கிய இடையும் உடையது. அயனியின் திசையும் உந்த மாற்றத்தின் திசையும் அமையும் தளத்தில் அளவீடு கோட்பாட்டோடு நன்கு பொருந்தியது. அத்தளத்துக்குச் செங்குத்தான தளத்திலோ பொருத்தமில்லை. எல்லாத் திசையிலும் ஏறத்தாழச் சீராக இருக்கும் என்று கோட்பாடு சொன்ன இடத்தில் அளவீடு இரு தெளிவான முகடுகளைக் காட்டியது. ஒடுங்கியிருக்க வேண்டிய இடை நிரம்பியிருந்தது. ஒரு மோதலில் மிக எளிதெனக் கருதப்பட்ட எல்லையிலேயே கோட்பாடு தவறியது. தொடர்ந்த ஆண்டுகளில் கோட்பாட்டாளர் உயர்படித் தோராயங்கள் பலவற்றை முயன்றும் அந்த இடையை நிரப்ப இயலவில்லை.

2006இல் பியோல், ஒட்ராண்டோ, ஓல்சன் மூவரும் குற்றம் கோட்பாட்டில் இல்லை, அளவீட்டின் பிரிதிறனில்தான் என்றனர். இலக்கு வாயுத்தாரையின் வெப்ப இயக்கம் உந்த மாற்றத்தின் திசையைச் சிறிது பிறழச் செய்தாலும் ஒடுங்கிய இடை நிரம்பியதுபோல் தோன்றும் என்பது அவர்தம் வாதம். அளவீட்டாளர் தம் பிரிதிறனைக் கணக்கில் சேர்த்த பின்னும் முரண்பாடு முழுமையாக நீங்கவில்லை என்று மறுத்தனர். 2011ஆம் ஆண்டுச் சோதனைக்குப் பிறகு மூன்றாவது விளக்கம் ஒன்று வந்தது. அக்கார்பன் அயனியின் அலைநீளம் ஏறத்தாழ 0.23 ஃபெம்டோமீட்டர், 75 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானுடையதில் 450இல் ஒரு பங்கு. ஆகவே அதன் ஓரியல் அகலம் ஹீலிய அணுவின் பருமனில் மிகச் சிறு பகுதியே இருந்திருக்கும். கோட்பாடு வேண்டும் குறுக்கீடு சோதனையில் நிகழவே இல்லை. இடை நிரம்பியது அதனால்தான் என்றனர் இத்தரப்பினர். எலக்ட்ரான் மோதல்களில் அதே தோராயங்கள் நன்கு பொருந்திவந்ததற்கும் இவ்விளக்கம் ஒரு காரணம் கொடுத்தது: எலக்ட்ரான் இலேசானது, அதன் அலை எப்போதும் அகன்றது.

2012இல் ஹைடல்பர்க் சேமிப்பு வளையத்தில் 3 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களைக் கொண்டு ஒத்த சோதனை செய்யப்பட்டது. மின்சுமைக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் இங்கும் ஏறத்தாழ 0.1 என்பதால் இரண்டும் ஒப்பிடத்தக்கவை. வளையத்தில் எலக்ட்ரான் கற்றையால் குளிர்விக்கப்பட்ட புரோட்டான்களின் பக்கவாட்டு உந்தச் சிதறல் மிகக் குறைவு. அதனால் ஓரியல் அகலம் மிகுதி. இங்குக் கோட்பாடு முன்னைவிட நன்கு பொருந்தியது. ஓரியல்பு விளக்கத்துக்கு ஆதரவு என்று இது கொள்ளப்பட்டது. ஆனால் குளிர்ந்த கற்றை ஓரியல்பை மட்டும் கூட்டுவதில்லை, அளவீட்டின் கூர்மையையும் கூட்டுகிறது. எது காரணம் என்று இச்சோதனை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க இயலாது.

2016இல் காசெர்ட் முதலியோர் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களால் ஹீலியத்தை அயனியாக்கி, உந்தங்களை மிக உயர்ந்த பிரிதிறனோடு அளந்தனர். முதற்படித் தோராயமே வியக்கத்தக்க அளவில் பொருந்தியது. பல பத்தாண்டுகளாக எதிர்பார்க்கப்பட்டும் கைகூடாதிருந்த பொருத்தம் அது.

விவாதத்தின் மையம்

இரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினும், அவை எங்குப் பிரிகின்றன என்பதை நுணுகிக் காண வேண்டும். ஓரியல் அகலம் குறைந்த கற்றையை இரு வகையில் விவரிக்கலாம். ஒவ்வோர் அயனியும் பக்கவாட்டில் குறுகிய ஓர் அலைப்பொதி என்பது ஒரு வகை. ஒவ்வோர் அயனியும் அகன்ற சமதள அலையே, ஆனால் ஒவ்வொன்றும் சற்றே வேறு திசையில் வருகிறது என்பது மற்றொன்று. குவாண்டம் இயக்கவியலில் இவ்விரு விவரிப்புகளும் ஒரே புள்ளியியல் கலவையைக் குறிக்கக்கூடும். அப்போது எந்த அளவீட்டாலும் இவற்றை வேறுபடுத்த முடியாது. எனவே ‘அயனி உண்மையில் குறுகியதா?’ என்று கேட்பதில் பயனில்லை.

பயனுள்ள வினா வேறு. இரண்டாம் விவரிப்பின்படி, அயனி வந்த திசை சரியாகத் தெரியாததால் சிதறல் கோணமும் அந்த அளவுக்குத் தெரியாது, வரிகள் மங்கும். 2011ஆம் ஆண்டுச் சோதனையின் அருகமைந்த பிளவு இலக்கிலிருந்து 2.3 மில்லி ரேடியன் கோணத்தில் தோன்றுகிறது. எதிர்பார்க்கப்படும் வரி இடைவெளி 1.4 மில்லி ரேடியன். மங்காமல் இருக்குமா? எனவே இது கோணப் பிரிதிறனின் குறையன்றி வேறன்று என்பார் கோட்பாட்டாளருள் ஒரு சாரார். பிரிதிறன் இரு அமைப்புகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இன்றி இருந்தது, மங்கல் அதனால் வந்ததன்று என்பது சோதனையாளர் மறுமொழி.

தீர்வுக்கு வழி கோணத்தை விட்டு உந்த மாற்றத்தை நோக்குவதில் இருப்பதாகத் தோன்றுகிறது. பிராங்க்ஃபர்ட்டிலும் ஹைடல்பர்க்கிலும் வளர்ந்த வினை நுண்ணோக்கி என்னும் கருவி, மிகக் குளிர்ந்த மீயொலி வாயுத்தாரையை இலக்காகக் கொண்டு, வெளியேறும் எலக்ட்ரானின் உந்தத்தையும் பின்னியங்கும் அயனியின் உந்தத்தையும் முழுமையாக அளக்கிறது. இரண்டையும் கூட்டினால் எறிஅயனி இழந்த உந்தம் கிடைத்துவிடும். அந்த அயனி எத்திசையிலிருந்து வந்தது என்ற செய்தி அப்போது தேவையில்லை. மங்கல் திசையறியாமையால் மட்டும் விளைவதாயின், உந்த மாற்றத்தைச் சார்ந்து வரையப்படும் படத்தில் அது மறைய வேண்டும். அங்கும் பிளவின் தொலைவைப் பொறுத்து வேறுபாடு நிற்குமாயின் ஓரியல்பு தனி விளைவு என்பதை ஏற்றாக வேண்டும். இலக்கின் வெப்ப இயக்கம் எஞ்சிய பிழையாக நிற்பதால், 2006இல் எழுப்பப்பட்ட ஐயம் இங்கு மீண்டும் முன்வருகிறது. ஹீலியத்தைப் பொறுத்தவரை 2016ஆம் ஆண்டு அளவீடு, கூர்மையான பிரிதிறன் இருந்தால் பழைய முரண்பாடு எழுவதில்லை என்பதை வலுவாகவே காட்டுகிறது. மூலக்கூற்றைப் பொறுத்தவரை அத்தகைய உறுதியோடு பேச இடமில்லை; அங்கு இரு மையக் குறுக்கீட்டோடு, ஒரே மையத்தில் முதற்படி வீச்சும் உயர்படி வீச்சும் சேர்ந்து விளைக்கும் ஒரு மையக் குறுக்கீடும் கலந்து வருகிறது. ஷுல்ட்ஸ் குழு பின்னர் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் முயற்சிகளே.

மிதக்கும் பிளவு

ஓரியல்பு அழிவதற்குக் கற்றையின் குறுக்கம் ஒன்றே காரணமன்று. எவ்வழி சென்றது என்ற செய்தி எங்கேனும் பதிவானாலும் அது அழியும். 1927ஆம் ஆண்டு சால்வே மாநாட்டையொட்டி ஐன்ஸ்டைன், போர் இருவரிடையே நடந்த விவாதத்தில் எழுந்த கற்பனைச் சோதனை இது பற்றியதே. பிளவு அசையக்கூடியதாக இருந்தால், துகள் அதனை எப்பக்கம் உதைத்தது என்று அளந்து வழியை அறியலாமே என்றார் ஐன்ஸ்டைன். அவ்வளவு நுட்பமாக உந்தத்தை அளக்கும் பிளவின் இருப்பிடம் அந்த அளவுக்கு நிச்சயமற்றுப்போகும், வரிகளும் மறையும் என்றார் போர்.

2013இல் எல். பி. எச். ஷ்மிட் முதலியோர் இதனை மூலக்கூற்றைக் கொண்டு நடத்திக் காட்டினர். ஒரு கரு சாதாரண ஹைட்ரஜனாகவும் மற்றது அதன் இரு மடங்கு நிறையுள்ள டியூட்டீரியமாகவும் அமைந்த மூலக்கூற்று அயனி ஹீலியத்தில் மோதியது. அது ஹீலியத்திடமிருந்து எலக்ட்ரானைக் கவர்ந்து இரு அணுக்களாகப் பிளந்தது. எத்திசையில் பிளந்தது என்பதிலிருந்து மூலக்கூறு எவ்வாறு திரும்பியிருந்தது என்பதும், பிளந்த ஆற்றலிலிருந்து கருக்களின் இடைத்தொலைவும் தெரியவரும். கருக்கள் வேறுபட்டவை என்பதால் ஒவ்வொன்றும் பெற்ற உந்தத்தைத் தனித்தனியே கேட்டறியலாம். எதனோடும் கட்டப்படாமல் வெற்றிடத்தில் மிதந்துவந்த பிளவு அது.

ஹீலியம் இரு கருக்களுள் ஒன்றில்தான் மோதியது, உதையை அதுவே வாங்கியது என்று கொண்டு செய்த கணக்கு அளவீட்டோடு ஒத்துவரவில்லை. உதை எந்த ஒரு வழிக்கும் உரியதாகாமல் இரு கருக்களாலும் ஒரே நேரத்தில், ஓரியல்போடு பகிர்ந்துகொள்ளப்பட்டது என்று கொண்டபோதுதான் ஒத்துவந்தது. அப்படிக் கொண்டால் ஐன்ஸ்டைன் கருதியதுபோல் பிளவைப் பழைய இயக்கவியலால் விவரித்தாலும் கணக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது என்பது ஆய்வாளரே எதிர்பாராத செய்தி. கருக்கள் இரண்டையும் பிரித்தறிய முடிந்தும், பெற்ற உந்தத்தைக் கொண்டு வழியைப் பிரித்தறிய முடியவில்லை. மோதிய அயனியின் ஓரியல் அகலத்தைப் பற்றிக் கேட்கப்படும் வினாவை, மோதப்பட்ட இலக்கின் ஓரியல்பைப் பற்றியும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை இச்சோதனை முன்வைக்கிறது. 2011ஆம் ஆண்டின் பிளவுத் தொலைவுச் சோதனையை, பின்னியங்கு அயனியின் உந்தமும் உடனளக்கப்பட, இத்தகைய சமச்சீரற்ற மூலக்கூற்றின்மீது நிகழ்த்துவது அடுத்துச் செய்யத்தக்க பணி.